விதையின் உறக்கமும் விழிப்பும்

நிலத்தில் இட்ட விதை முளைக்காவிட்டால், அது செத்த விதை என்று நாம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு எப்போதும் சரியாக இருப்பதில்லை. விதை முளையாமைக்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, விதை உண்மையாகவே இறந்திருக்கலாம். இரண்டு, முளைப்பதற்கு வேண்டிய நீரும் காற்றும் தக்க வெப்பமும் அதற்குக் கிட்டாமல் இருக்கலாம். மூன்றாவது காரணம்தான் வியப்புக்குரியது. விதை உயிரோடு இருக்கிறது. நீர், காற்று, வெப்பம் மூன்றும் குறைவின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் அது முளைக்க மறுக்கிறது. இந்த நிலையைத் தாவர நூலார் 'விதை உறக்கம்' என்று அழைக்கின்றனர். அந்த உறக்கத்தின் காரணங்களை மனிதன் எவ்வாறு ஒவ்வொன்றாகக் கண்டறிந்தான், உறங்கும் விதையை எழுப்ப எப்படிக் கற்றுக்கொண்டான் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விதை ஏன் உறங்க வேண்டும்? கோடையில் திடீரென்று ஒரு மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் நனைகிறது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் விதைகள் அனைத்தும் அந்த ஒரு மழையை நம்பி முளைத்துவிட்டால், நான்கே நாள் வெயிலில் அத்தனையும் கருகிப்போகும். அந்த இனமே அவ்விடத்தில் அற்றுப்போகும். குளிர்நாடுகளிலோ, இலையுதிர் காலத்தில் விழும் விதை உடனே முளைத்தால், பின்னால் வரும் பனி அந்த இளங்கன்றைக் கொன்றுவிடும். ஆகவே, நல்ல காலம் வந்ததற்கு உறுதியான அடையாளம் கிடைக்கும்வரை காத்திருக்கும் இயல்பு விதைக்கு அமைந்தது. உறக்கம் விதையின் சோம்பல் அன்று. அது விதையின் முன்யோசனை. இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், நான் இனிச் சொல்லப்போகும் செய்திகள் யாவும் ஒரே நூலில் கோத்த மணிகளாக விளங்கும்.

காட்டுச் செடிகளும் களைகளும் இந்த இயல்பை இன்றும் முழுமையாக வைத்திருக்கின்றன. நாம் பயிரிடும் தானியங்களிலோ அது பெரிதும் குறைந்துவிட்டது. பல ஆயிரம் ஆண்டுகளாக உழவன் எந்த விதை உடனே முளைத்ததோ அதன் சந்ததியையே அறுத்து, அடுத்த ஆண்டுக்கு விதையாக வைத்துக்கொண்டான். பிந்தி முளைத்தது அவன் களஞ்சியத்துக்கு வரவில்லை. தெரிந்து செய்தானோ தெரியாமல் செய்தானோ, உறங்காத விதைகளை அவன் பொறுக்கி எடுத்துவிட்டான். கிரேக்க நாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோபிராஸ்டஸ், தோட்டக் கீரை வகைகளில் எது எத்தனை நாளில் முளைக்கிறது என்று எழுதி வைத்தார். ஆனால், ஏன் இந்த வேற்றுமை என்ற கேள்விக்கு விடை காண உலகம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

அந்த விடையைத் தேடியவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில வேளாண்மைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஜேம்ஸ் பீல் என்பவர். அவ்வூர் விவசாயிகளின் தொல்லை நம் விவசாயிகளின் தொல்லையே. ஆண்டுதோறும் களை எடுக்கிறார்கள். ஆண்டுதோறும் களை மீண்டும் முளைக்கிறது. மண்ணுக்குள் புதைந்த களைவிதை எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கும்? இதைத் தெரிந்துகொள்ள 1879ஆம் ஆண்டில் பீல் ஒரு சோதனையைத் தொடங்கினார். இருபது கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொண்டார். இருபதுக்கும் மேற்பட்ட செடிவகைகளிலிருந்து வகைக்கு 50 விதைகளாக எண்ணி, ஈர மணலோடு கலந்து ஒவ்வொரு புட்டியிலும் இட்டார். புட்டிகளை மூடாமல், உள்ளே நீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கல்லூரி வளாகத்தில் ஒரு மணல் மேட்டில் புதைத்தார். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு புட்டியைத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்ப்பது என்பது திட்டம்.

இருபது புட்டிகள், ஐந்தைந்து ஆண்டுகள் என்றால் மொத்தம் நூறு ஆண்டுகள். பீலுக்கு அப்போது வயது 46. இந்தச் சோதனையின் முடிவைத் தாம் காணப்போவதில்லை என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தே தொடங்கினார். அந்தப் புட்டிகள் இப்போது மண்ணுக்குள் இருக்கட்டும். அவை அங்கே கிடந்த காலத்தில், மேலே ஆராய்ச்சிச் சாலைகளில் விதை உறக்கத்தின் மர்மங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுப் புட்டிகளிடம் திரும்புவோம்.

முதலில் அவிழ்ந்தது விதையுறையின் மர்மம். நம் நாட்டுக் குன்றிமணியை நீங்கள் அறிவீர்கள். பொற்கொல்லர்கள் அதை எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். மழைக்காலமாயினும் கோடையாயினும் அதன் எடை அநேகமாக மாறுவதில்லை. காரணம், நீர் உள்ளே புகாதபடி அதன் உறை அத்தனை இறுக்கமாக அமைந்திருக்கிறது. எடைக்கல்லுக்கு அது சிறப்பு. முளைப்பதற்கு அதுவே தடை. நீர் நுழையாத விதை எப்படி முளைக்கும்?

சில விதைகளில் உறை நீரை விட்டாலும் பிராணவாயுவைப் போதிய அளவு உள்ளே விடுவதில்லை. சிகாகோவில் இருந்த வில்லியம் குரோக்கர் என்பவர் 1906ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட செடிகளுள் ஒன்று நம் தரிசு நிலங்களிலும் காணப்படும் மருளூமத்தை. ஆடையில் ஒட்டிக்கொள்ளும் அதன் முட்காய் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதைகள் இருக்கும். ஒன்று வரும் பருவத்திலேயே முளைத்துவிடும். மற்றொன்று உறங்கிக் கிடந்து பின்னொரு பருவத்தில் முளைக்கும். ஒரே தாய், ஒரே காய், ஆயினும் இரண்டு சுபாவம். முதற்பிள்ளை தவறினாலும் இரண்டாம் பிள்ளை குலத்தைக் காக்கும் என்பது போன்ற ஏற்பாடு இது. உறங்கும் விதையின் உறையை நீக்கியபோது அதுவும் முளைத்ததைக் குரோக்கர் காட்டினார். உறைக்குள்ளேயே முளையைத் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன என்பதைப் பின்வந்தோர் கண்டனர்.

உறை தடையாக இருக்கும் விதையை எழுப்பும் வழி எளிது. உறையில் ஓர் இடத்தில் வாசல் திறந்துவிட்டால் போதும். இயற்கை இதைப் பலவாறு செய்கிறது. வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கி உறையை வெடிக்கச் செய்கின்றன. கருவேலங்காயைத் தின்ற ஆட்டின் வயிற்றுக்குள் விதையுறை மெலிகிறது; ஆட்டுக்கிடையில் பொறுக்கிய கருவேல விதை நன்கு முளைக்கும் என்பது நம் நாட்டுப்புற அனுபவம். சீமைக்கருவேல் நம் மாவட்டங்களில் கட்டுக்கடங்காமல் பரவியதற்கும் ஆடுமாடுகளின் இந்தத் திருத்தொண்டு ஒரு காரணம். மனிதன் இதே வேலையை அரத்தாலும் மணல்தாளாலும் கொதித்து இறக்கிய நீராலும் செய்கிறான். தேக்கின் காய்களை நாற்றங்காலில் இடுமுன் சில நாட்கள் நீரில் ஊறவைப்பதும் வெயிலில் உலர்த்துவதுமாக மாறி மாறிச் செய்கிறார்கள். மழையும் வெயிலும் காட்டில் மாதக்கணக்கில் செய்வதைச் சில நாட்களில் செய்து முடிப்பதே இதன் கருத்து.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் தோட்டத்தில் சரக்கொன்றை விதைகளை மாணவர்கள் விதைத்தனர். வாரங்கள் சென்றும் ஒன்றும் தலைகாட்டவில்லை. "விதை செத்துப்போயிற்று, ஐயா" என்றான் ஒரு மாணவன். அதே காயிலிருந்து எடுத்த விதைகளில் சிலவற்றைச் சொரசொரப்பான கல்லில் ஓரம் வெளுக்கும்வரை தேய்க்கச் சொன்னேன். தேய்த்தவற்றையும் தேய்க்காதவற்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் ஊறவைத்தோம். மறுநாள் தேய்த்த விதைகள் பருத்திருந்தன. தேய்க்காதவை கூழாங்கற்களைப் போல அப்படியே கிடந்தன. பருத்தவை சில நாட்களில் முளைவிட்டன. பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கம் சொல்ல முடியாததை அந்த இரண்டு கிண்ணங்களும் அவர்களுக்குச் சொல்லிவிட்டன. நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். கந்தகத் திராவகத்தில் நனைத்து உறையை மெலிவிக்கும் முறையும் உண்டு. ஆனால், அது பயிற்சி பெற்றோர் ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டியது. நீங்கள் கைவைக்க வேண்டியதன்று.

உறையை நீக்கினாலும் எழாத விதைகள் உண்டு. ஆப்பிள் விதை அப்படிப்பட்டது. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் பழங்காலத்திலேயே ஒரு வழி கண்டிருந்தனர். ஈர மணலை ஓர் அடுக்கும் விதையை ஓர் அடுக்குமாகப் பெட்டியில் பரப்பிப் பனிக்காலம் முழுதும் வெளியில் வைத்துவிடுவார்கள். வசந்தத்தில் விதைத்தால் முளைக்கும். வேண்டியது பனியா, குளிரா, நாட்களா என்பது அவர்களுக்குத் தெரியாது. நியூயார்க் மாநிலத்தில் 1924இல் திறக்கப்பட்ட பாய்ஸ் தாம்ப்சன் ஆராய்ச்சி நிலையத்தில், முன் சொன்ன குரோக்கரும் லீலா பார்ட்டன் என்ற அம்மையாரும் மற்றவர்களும் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். நீர் உறையத் தேவையில்லை. உறைநிலைக்குச் சற்று மேலான, சுமார் 5 பாகை செல்சியஸ் குளிரே போதும். ஆனால், விதை ஈரமாக இருக்க வேண்டும். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அந்தக் குளிர் நீடிக்க வேண்டும் என்று தெரிந்தது. இரண்டு நாள் குளிரைக் கண்டு அந்த விதை ஏமாறுவதில்லை. முழுப் பனிக்காலமும் கடந்துவிட்டது என்று உறுதிப்பட்ட பிறகே அது எழுகிறது.

இன்னும் சில விதைகள் ஒளிக்காகக் காத்திருக்கின்றன. லெட்டூஸ் என்னும் இலைக்கீரையின் ஒரு வகை, இருளில் மிகக் குறைவாகவே முளைக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் முதலியோர் 1952இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதன் மர்மத்தை உடைத்தது. ஈரமான விதைக்குச் சிறிது நேரம் சிவப்பு ஒளி காட்டினார்கள். நூற்றுக்கு 70 முளைத்தன. சிவப்பு ஒளிக்குப் பின் 'தூரச் சிவப்பு' எனப்படும், கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் ஒளியைக் காட்டினார்கள்; 6 மட்டுமே முளைத்தன. அதன்மேல் மீண்டும் சிவப்பு காட்டியதும் 74 முளைத்தன. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும், கடைசியாகக் காட்டிய ஒளி எதுவோ அதன் சொற்படியே விதை நடந்தது. விதைக்குள் ஒளியை உணரும் ஒரு பொருள் இருக்கிறது. சிவப்பு அதை ஒரு நிலைக்குத் திருப்புகிறது, தூரச் சிவப்பு மற்றொரு நிலைக்குத் திருப்புகிறது என்று அவர்கள் ஊகித்தனர். 1959இல் அந்தப் பொருள் கருவிகளின் மூலம் கண்டுபிடிக்கப்பட்டு, பைட்டோகுரோம் என்று பெயர் பெற்றது.

இதனால் விதைக்கு என்ன பயன்? அடர்ந்த மரநிழலை எண்ணிப் பாருங்கள். பச்சை இலைகள் வெயிலிலுள்ள சிவப்பு ஒளியை உண்டுவிடுகின்றன. தூரச் சிவப்பையோ கீழே விட்டுவிடுகின்றன. நிழலில் கிடக்கும் விதை, 'மேலே வேறு செடிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இப்போது முளைத்துப் பயனில்லை' என்று அறிந்து காத்திருக்கிறது. மண்ணின் ஆழத்திலுள்ள விதைக்கோ ஒளியே இல்லை, அதுவும் காத்திருக்கிறது. உழவன் ஏர் பிடித்து மண்ணைப் புரட்டும்போது எத்தனையோ ஆண்டுகளாகப் புதைந்திருந்த களைவிதை மேலே வருகிறது, ஒளி படுகிறது, எழுந்துவிடுகிறது. களையை அழிக்க உழுகிறோம். அந்த உழவே புதிய களைகளைத் துயிலெழுப்புகிறது. மிச்சிகன் விவசாயிகளின் கேள்விக்கு விடையில் ஒரு பாதி இங்கே கிடைத்துவிட்டது.

உறையும் குளிரும் ஒளியும் வெளியிலிருந்து வரும் செய்திகள். இச்செய்திகளைக் கேட்டு விதைக்குள்ளே கதவைத் திறப்பது எது? இதற்கு விடை நெற்பயிரின் ஒரு நோயிலிருந்து வந்தது. ஜப்பானிய நெல்வயல்களில் சில நாற்றுகள் மற்றவற்றை மீறி நெடுநெடுவென்று வளர்ந்து, மெலிந்து, வெளிறிச் சாய்ந்துவிடும். 'அறிவற்ற நாற்று' என்று பொருள்படும் பெயரால் அந்நாட்டு உழவர்கள் அதை அழைத்தனர். ஒரு பூஞ்சணமே அதற்குக் காரணம். தைவானில் பணியாற்றிய எய்ச்சி குரோசாவா 1926இல் அந்தப் பூஞ்சணத்தைத் திரவத்தில் வளர்த்து, பின் பூஞ்சணத்தை வடிகட்டி நீக்கிவிட்டு, வெறும் திரவத்தைமட்டும் ஆரோக்கியமான நாற்றுகளுக்கு இட்டார். அவையும் அவ்வாறே நெடிதோங்கின. நோயை உண்டாக்கியது பூஞ்சணம் சுரந்த ஒரு பொருள் என்பது விளங்கிற்று. தோக்கியோவில் யாபுத்தா 1935இல் அதற்கு ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டார். 1938இல் அவரும் சுமிக்கியும் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர்.

பிறகுதான் பெரிய வியப்பு வெளிப்பட்டது. நோயின் நஞ்சு என்று கருதிய பொருள் செடிகளுக்குள்ளும் இயல்பாகவே இருக்கிறது. வளர்ச்சிக்கு அது இன்றியமையாதது. 1960இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் தனித்தனியே பார்லித் தானியத்தை ஆராய்ந்து, முளைக்கரு அனுப்பும் தூதனே ஜிப்பரெல்லின் என்று காட்டினர். அந்தத் தூதன் சென்று சொன்னதும், தானியத்தின் மாவுப்பகுதியைச் சூழ்ந்துள்ள மெல்லிய படலம் ஒரு நொதியைச் சுரக்கிறது. நொதி மாவைச் சர்க்கரையாக்கி முளைக்கு உணவூட்டுகிறது. முளைகட்டிய கேழ்வரகு இனிப்பதும் இப்படி மாவு சர்க்கரையாவதால்தான். அதே பத்தாண்டில் இதற்கு எதிரான மற்றொரு பொருளும் அகப்பட்டது. அமெரிக்காவில் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தவர்களும், வேல்ஸில் மரங்களின் மொட்டு உறங்குவதை ஆராய்ந்தவர்களும் வெவ்வேறு வழியில் சென்று ஒரே பொருளில் முட்டிக்கொண்டனர். 1967இல் அதற்கு அப்சிசிக் அமிலம் என்ற பெயர் நிலைத்தது. அது 'உறங்கு' என்கிறது. ஜிப்பரெல்லின் 'எழுந்திரு' என்கிறது. தராசின் எந்தத் தட்டு தாழ்கிறதோ அதன்படி விதை நடக்கிறது. குளிரும் ஒளியும் செய்வது இந்தத் தராசை அசைப்பதே. இன்று சந்தன விதையை நாற்றங்காலில் இடுமுன் ஜிப்பரெல்லின் கரைசலில் ஊறவைக்கும் வழக்கம் இந்த ஆராய்ச்சியின் கனி.

நெருப்புக்காகக் காத்திருக்கும் விதைகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள சில புதர்க்காடுகள் அவ்வப்போது தீப்பற்றி எரியும்; எரிந்தபின் எங்கிருந்தோ ஆயிரக்கணக்கான கன்றுகள் எழும். வெப்பத்தால் உறை வெடிக்கிறது என்று முதலில் எண்ணினார்கள். பல விதைகளுக்கு அது உண்மையே. ஆனால், வெப்பமே படாமல் வெறும் புகையும் விதையை எழுப்பும் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் டி லாங்கே, பூச்சர் என்ற இருவர் 1990இல் காட்டினர். புகையில் உள்ள அந்தப் பொருள் எது என்பதை மேற்கு ஆஸ்திரேலியாவில் பிளமாட்டி குழுவினர் 2004இல் கண்டனர். அவ்வகைப் பொருள்களுக்குக் காரிக்கின் என்று பெயர்; அந்நிலத்தின் பழங்குடியினரான நூங்கார் மக்களின் மொழியில் புகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அமைந்த பெயர் அது. காடு எரிந்து இடம் காலியாயிற்று என்ற செய்தியைப் புகை விதைக்குக் கொண்டுபோகிறது.

இத்தனையும் கேட்டபின், உறக்கம் என்பதே ஒழிக்கப்பட வேண்டிய குறை என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. நம் காவிரிப் பாசன நிலங்களில் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களை ஒட்டி வருவதுண்டு. கதிர் முற்றி நிற்கும்போது அடைமழை பிடித்துக்கொண்டால், உறக்கம் சற்றும் இல்லாத நெல் கதிரிலேயே முளைத்துவிடும். ஓர் ஆண்டின் உழைப்பு கண்முன்னே பாழாவதைக் கண்ட குடும்பங்களுக்கே அதன் வேதனை தெரியும். நிலக்கடலையிலும் அப்படியே. கொடிக்கடலை பறித்தபின் பல வாரங்கள் உறங்கும். கொத்துக்கடலைக்கு அந்த உறக்கம் இல்லை. பறிக்கும் சமயத்தில் மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். ஆகவே, பயிர் வளர்ப்போர் இன்று நாடுவது உறக்கமே இல்லாத விதையையன்று. அறுவடை மழையைத் தாண்டும்வரை உறங்கி, அடுத்த விதைப்புக்குள் எழுந்துவிடும் விதையை. எல்லாம் அளவில் இருக்க வேண்டும்.

உறங்கும் விதையை உடனே விதைக்க நேர்ந்தால் அதற்கும் வழிகள் உண்டு. புதுநெல் விதையை ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் சில நாட்கள் வைத்து எழுப்புவது சோதனைச் சாலைகளில் கையாளப்படும் முறை. உறங்கும் நிலக்கடலையை எழுப்ப எத்திலீன் வாயு உதவுகிறது. வாழைத்தாரைப் புகைபோட்டுப் பழுக்கவைக்கும்போது வேலை செய்வதும் இதே எத்திலீன்தான். ஆனால், ஒரு விதைக்கான மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. ஒளியை வேண்டும் விதையைக் கொதிநீரில் இட்டால் அது வெந்துபோகும். குளிரை வேண்டும் விதையைக் கல்லில் தேய்த்துப் பயனில்லை. விதை எதற்காகக் காத்திருக்கிறது என்று முதலில் கேட்டறிந்து, அதைக் கொடுப்பதே சரியான வழி.

விதை உயிரோடு இருக்கிறதா என்று முளைக்கும்முன்பே அறியவும் ஒரு முறை உண்டு. ஜெர்மனியில் லாக்கோன் என்பவர் 1940களில் வகுத்த முறை அது. விதையை வெட்டி டெட்ரசோலியம் என்னும் உப்பின் கரைசலில் இட்டால், உயிருள்ள பகுதி சிவக்கும். இறந்த பகுதி நிறம் மாறாது. முளைக்காத விதைகளுள் செத்தது எது, உறங்குவது எது என்று இதனால் பிரித்துச் சொல்லலாம். காசு கொடுத்து விதை வாங்கும் ஏழை விவசாயிக்கும், நல்ல விதையை விற்றும் பழி சுமக்கும் வணிகனுக்கும் இது எத்தனை பெரிய நியாயம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். உறக்கமும் நீண்ட ஆயுளும் ஒன்றல்ல. உறங்காத விதையும் உலர்ந்த இடத்தில் நெடுங்காலம் உயிரோடு இருக்கக் கூடும். இஸ்ரேல் நாட்டில் சாக்கடலின் அருகே மசாடா என்ற பழைய கோட்டையை 1960களில் அகழ்ந்தபோது, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. நாற்பது ஆண்டுகள் அவை ஒரு பெட்டியில் இருந்தன. பின் சாரா சாலன் என்ற மருத்துவரின் முயற்சியால் 2005இல் எலெய்ன் சோலோவே என்ற அம்மையார் அவற்றுள் சிலவற்றை ஊறவைத்து, ஜிப்பரெல்லின் கரைசலிலும் நனைத்து நட்டார். ஒன்று முளைத்தது, மரமாகவும் வளர்ந்தது. நெல் நாற்றின் நோயிலிருந்து தைவானில் ஒருவர் வடித்தெடுத்த பொருள், எண்பது ஆண்டுகளுக்குப் பின் பாலைவனத்தின் பழங்கொட்டைக்குத் துணை நின்றது. அறிவு எங்கே தோன்றி எங்கே பயன்படும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இனி, மண்ணில் விட்டுவந்த புட்டிகளிடம் திரும்புவோம். பீல் 1910இல் ஓய்வுபெற்றார், 1924இல் காலமானார். அவருக்குப் பின் டார்லிங்டன் என்ற பேராசிரியர் அந்தப் பொறுப்பை ஏற்று 1960வரை நடத்தினார். அவரிடமிருந்து கிவிலானும் பண்டுர்ஸ்கியும் பெற்றனர். பின்னர் அது பிராங்க் டெலியூஸ்கியிடம் வந்தது. புட்டிகள் புதைந்த இடம் ஊரறியாத இரகசியம். அதைக் காட்டும் வரைபடம் மட்டும் ஆசிரியரிடமிருந்து ஆசிரியருக்குக் கைமாறி வருகிறது. விதைகள் எதிர்பார்த்ததைவிட நெடுங்காலம் உயிர் தரித்ததால், ஐந்தாண்டு இடைவெளி பத்தாண்டாயிற்று, பின் இருபதாயிற்று. நூறு ஆண்டுத் திட்டம் இருநூற்று இருபது ஆண்டுத் திட்டமாக வளர்ந்தது.

2000ஆம் ஆண்டில் எடுத்த புட்டியில், வெர்பாஸ்கம் பிளட்டேரியா என்ற களைச்செடியின் 50 விதைகளில் 23 முளைத்தன. மால்வா என்ற செடியின் ஒரு விதை முதலில் முளைக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் அதைச் செத்ததாகத் தள்ளிவிடாமல் குளிரில் வைத்துப் பார்த்தனர். 120 ஆண்டு உறங்கிய அந்த விதையும் எழுந்தது. அடுத்த புட்டியை 2020இல் எடுக்க வேண்டும். பெருந்தொற்றினால் தடைப்பட்டு 2021 ஏப்ரலில் எடுத்தனர். விதையின்மேல் பகலொளி பட்டுவிடக் கூடாது என்பதற்காக விடியுமுன் இருளிலேயே சென்று தோண்டினார்கள். ஏன் இருள் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். அந்தப் புட்டியிலிருந்தும் 20 விதைகள் முளைத்தன. அவை அநேகமாக எல்லாம் அதே வெர்பாஸ்கம். பீல் விதைகளைச் சேகரித்த நாளில் பைட்டோகுரோமும் தெரியாது, ஜிப்பரெல்லினும் தெரியாது. 2021இல் முளைத்த செடிகளுள் ஒன்று இரண்டு இனங்களின் கலப்பு என்பதை மரபணுச் சோதனையால் கண்டறிந்தனர். மரபணு என்ற சொல்லே பீல் புட்டிகளைப் புதைத்த நாளில் பிறக்கவில்லை. ஆயினும் அவர் எண்ணி இட்ட விதைகள் பிற்காலத்தின் புதிய கேள்விகளுக்கெல்லாம் விடை தந்துகொண்டிருக்கின்றன.

நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன். முளைக்கப் பிந்திய விதையைச் செத்தது என்று தள்ளுவது எளிது. அது எதற்காகக் காத்திருக்கிறது என்று ஆராய்வது அரிது. இந்த நூற்றைம்பது ஆண்டு வரலாறு முழுவதும் அந்த அரிய செயலைச் செய்தவர்களின் வரலாறுதான். விதை விஷயத்தில் உண்மையானது மாணவர் விஷயத்திலும் பொய்யாகாது என்பதை ஆசிரியத் தொழிலுக்கு வரப்போகும் கல்லூரி மாணவர்கள் மனத்தில் கொள்வார்களாக.

மிச்சிகன் மண்ணில் இன்னும் நான்கு புட்டிகள் இருக்கின்றன. அடுத்தது 2040இல் எடுக்கப்படும். பின் 2060, 2080. கடைசிப் புட்டி 2100ஆம் ஆண்டுக்கு உரியது. அதைத் தோண்டப்போகும் கைகள் இன்னும் பிறக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால், இன்று பள்ளியில் படிக்கும் சிறுவர் சிறுமியருள் சிலர் தொண்டுகிழவர்களாக அச்செய்தியைக் கேட்கக் கூடும். அந்நாளில் ஒரு விதையாவது எழுந்தது என்று கேட்டால், உங்கள் பேரப்பிள்ளைகளை அருகே அழைத்து, 1879இல் ஒரு பேராசிரியர் தாம் காணமுடியாத நாளுக்காக விதைகளை எண்ணிவைத்த கதையைச் சொல்லுங்கள்.